ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(தனியார் தொழில்களுக்கு வழங்கப்படும் நிதிச் சலுகைகள் பற்றிய ஓர் ஆய்வு)

மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவன்

முன்னுரை

என் ஊர் இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் கொண்ட ஊர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே மிதிவண்டியை மிதித்தால் சிறிது நேரத்தில் புதுவை மாநில எல்லை. எல்லை என்றால் மலையோ ஆறோ அன்று. ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவே. ஆனால் அந்தப் பலகைக்கு இப்பால் ஒரு வரி, அப்பால் ஒரு வரி. வண்டி வைத்திருக்கும் எங்கள் ஊரார் பெட்ரோல் போட எல்லை கடந்து செல்வது வழக்கம். வரி வேறுபாடு மனிதனை எப்படி நடத்துகிறது என்பதை நான் பாடநூலில் படிக்கும் முன்பே பெட்ரோல் பங்கில் படித்துவிட்டேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்காக மனிதன் எல்லை கடப்பான் என்றால், கோடிக்கணக்கான இலாபத்திற்காக ஆலை எல்லை கடக்காதா? கடக்கும், கடந்தது. ஒரு நகரமோ மாநிலமோ தனியார் முதலீட்டை ஈர்க்க வரியை விட்டுக்கொடுப்பதும் மானியம் அளிப்பதும் சரியா, சரியென்றால் எந்த அளவில் சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் இல்லத்தில் நான் கண்டது

என் தந்தை 1998ஆம் ஆண்டில் எல்லைக்கு அப்பால் ஒரு தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டு உபயோகப் பொருள்களின் பாகங்களைப் பொருத்தும் ஆலை அது. அதன் பெயர் இங்குத் தேவையில்லை. ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். 2005இல் ஒரு விடுமுறை நாளில் இயந்திரங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டன. மறுநாள் வேலைக்குச் சென்றவர்கள் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினர். நான் பிறந்த ஆண்டும் அதுவே. “நீ வந்தாய், வேலை போயிற்று” என்று என் பாட்டி வேடிக்கையாகச் சொல்வார். சிறுவயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்ததில்லை.

ஆலை ஏன் வந்தது, ஏன் போனது என்று தந்தைக்குத் தெரியாது. பொருளியல் படிக்க வந்த பிறகு அந்த வினாவுக்கு விடை தேடத் தொடங்கினேன்.

சலுகைகளின் வரலாறு

தனியார் தொழிலுக்கு அரசு துணை நிற்பது நம் நாட்டில் புதிதன்று. தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் 1949இலேயே தோன்றியது. 1971இல் சிப்காட் நிறுவனம் அமைந்தது. பின்தங்கிய பகுதிகளில் தொழில் தொடங்குவோருக்கு முதலீட்டில் ஒரு பங்கை மானியமாகத் தரும் திட்டத்தை மைய அரசு அதே 1971இல் தொடங்கியது. முதலில் 10 விழுக்காடாக இருந்த மானியம் பின்னர் உயர்த்தப்பட்டது. 1988இல் அத்திட்டம் முடிவுற்றது. புதுவையில் தொழில் வளர்ச்சிக்கென்று பிப்டிக் நிறுவனம் 1974இல் உருவாயிற்று. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் எழுந்தன.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் புதுவைக்கு வாய்த்த பெருஞ்சலுகை வருமான வரி விலக்கு ஆகும். தொழில் துறையில் பின்தங்கிய மாநிலங்கள் என்று வருமான வரிச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை ஒரு பட்டியலிட்டது. அதில் வடகிழக்கு மாநிலங்களோடு புதுவையும் இடம்பெற்றது. 1993 ஏப்ரல் முதல் 2004 மார்ச் வரையிலான காலத்தில் அங்கு உற்பத்தியைத் தொடங்கிய ஆலைக்கு முதல் ஐந்து ஆண்டுகள் இலாபத்தின் மீது முழு வரி விலக்கு. அடுத்த ஐந்து ஆண்டுகள், நிறுவனமாயின், 30 விழுக்காடு விலக்கு.

நாகாலாந்தின் மலைகளுக்கும் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்து சேரும் புதுவைக்கும் ஒரே சலுகை என்றால், முதலாளி எங்கே வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. கணினிகளைப் பொருத்தும் ஆலைகள் பல புதுவையில் அமைந்ததற்கு இதுவும் காரணம்.

பின்னர் 2003 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்திற்கும் உத்தராஞ்சலுக்கும் மைய அரசு பெரியதொரு சலுகைத் திட்டத்தை அறிவித்தது. பத்தாண்டு உற்பத்தி வரி விலக்கும் வருமான வரி விலக்கும் அதில் அடங்கும். இப்போது காலங்களை அடுக்கிப் பாருங்கள். 1998இல் தொடங்கிய ஆலைக்கு முழு விலக்கு 2003 வாக்கில் முடிகிறது; வடக்கே புதிய சலுகை திறக்கிறது; 2005இல் இயந்திரங்கள் வடக்கு நோக்கிப் போகின்றன. இதுதான் காரணம் என்று ஒரு மாணவன் மெய்ப்பிக்க இயலாது. ஆனால் காலங்கள் பொருந்துகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு

ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் இலாபம் ஈட்டும் ஓர் ஆலையைக் கற்பனை செய்வோம். வரி 30 விழுக்காடு என்று கொண்டால், ஆண்டுக்கு 3 கோடி. ஐந்து ஆண்டுகளுக்கு 15 கோடி ரூபாயை அரசு விட்டுக்கொடுக்கிறது. அங்கு 300 பேர் வேலை செய்தால் ஒரு வேலைக்கு 5 இலட்சம்; அதாவது ஓர் ஆண்டுக்கு, ஒரு வேலைக்கு, 1 இலட்சம். அந்தத் தொழிலாளி மாதம் 4,000 ரூபாய் சம்பளம் பெற்றால் ஆண்டுக்கு 48,000 ரூபாய். அவர் கைக்கு வந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அரசு இழந்திருக்கிறது!

இக்கணக்கில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அந்த ஆலை சலுகை இல்லாமலே வந்திருக்குமானால் 15 கோடியும் வீண். சலுகைக்காகவே தமிழ்நாட்டை விட்டுப் புதுவைக்கு வந்திருக்குமானால், புதுவை பெற்ற வேலையைத் தமிழ்நாடு இழந்திருக்கிறது; நாட்டிற்குக் கூடியது ஒன்றுமில்லை. சலுகையால் மட்டுமே புதிதாகப் பிறந்த வேலைகள் எத்தனை என்பதே முதல் வினாவாக இருக்க வேண்டும். ஆனால் திறப்பு விழாக்களில் இந்த வினாவை எவரும் எழுப்புவதில்லை.

சலுகையின் வடிவமும் முக்கியம். முதலீட்டு மானியம் இயந்திரத்தின் விலையைக் குறைக்கிறது. எனவே ஆளுக்குப் பதில் இயந்திரத்தை வைக்கத் தூண்டுகிறது. வரி விலக்கு விரைவில் இலாபம் தரும் தொழிலுக்கே பயன்படுகிறது. பல ஆண்டுகள் நட்டத்தில் நின்று வேரூன்ற வேண்டிய தொழிலுக்கு இலாபமே இல்லாதபோது விலக்கால் என்ன பயன்? ஆகவே எளிதில் கழற்றி, எளிதில் மாட்டக்கூடிய ஆலைகளையே அது அதிகம் ஈர்க்கிறது.

சலுகைப் போட்டி

இரண்டு வணிகர்கள் போட்டியிட்டால் வாங்குபவருக்கு இலாபம். இரண்டு மாநிலங்கள் போட்டியிட்டால் முதலாளிக்கு இலாபம். ஒருவர் 5 ஆண்டு விலக்களித்தால் மற்றவர் 7 ஆண்டு என்பார். இருவரும் கொடுக்காமல் இருந்தால் இருவருக்கும் நன்மை. ஆனால் மற்றவர் கொடுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் இருவரும் கொடுக்கின்றனர். இதனை உணர்ந்தே 1999 நவம்பரில் மாநில முதல்வர்கள் தில்லியில் கூடி, 2000 ஜனவரி முதல் சீரான குறைந்தபட்ச விற்பனை வரி விகிதங்களைப் பின்பற்றுவதென்றும், தொழில்களுக்கு விற்பனை வரிச் சலுகை அளிப்பதை நிறுத்துவதென்றும் முடிவு செய்தனர். ஆயினும் கதவை அடைத்தால் சன்னல் திறந்தது. வரியை விலக்குவதற்குப் பதிலாக, வசூலித்துத் திருப்பித் தரும் முறை தலையெடுத்தது.

அதற்கு நம் மாநிலத்தின் பெரிய எடுத்துக்காட்டு திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை. 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006இல் உற்பத்தி. சிப்காட் நிலம் குத்தகைக்கு வழங்கப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகள் கிடைத்தன. உள்நாட்டில் விற்ற கைப்பேசிகளுக்கான வரியும் திருப்பித் தரப்பட்டது. உச்சக் கட்டத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தனர். கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அவர்களில் மிகப் பலர். பின்னர் வரித் தகராறு எழுந்தது. 2014 ஏப்ரலில் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்குக் கைமாறியபோது தகராறில் சிக்கிய இந்த ஆலை சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. எட்டே ஆண்டுகளில் எழுந்து வீழ்ந்த வரலாறு இது.

கொடுக்கும் நகரமும் விற்கும் நகரமும்

பிற நாட்டு நகரங்களும் இச்சிக்கலைக் கண்டவையே. நியூயார்க் நகரம் 1971 முதல் 421-ஏ என்னும் திட்டத்தின் கீழ்ப் புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்குச் சொத்து வரி விலக்களித்தது. கட்டுவோரே இல்லாத காலத்தில் பிறந்த அத்திட்டம், கட்டடங்கள் வானளாவ எழுந்த காலத்திலும் நீடித்து, 2022இல்தான் முடிந்தது. 2024இல் வேறு பெயரில் புதிய திட்டம் வந்தது. கொடுக்கத் தொடங்குவது எளிது, நிறுத்துவது அரிது என்பதற்கு இது சான்று.

நம் சென்னையோ வேறொரு வழியையும் கையாளுகிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் கட்டுபவர், அனுமதிக்கப்பட்ட தளப் பரப்புக்கு மேல் 50 விழுக்காடு வரை கூடுதலாகக் கட்டலாம்; சாலை குறுகக் குறுக இது 40, 30 எனக் குறையும். ஆனால் அது இனாம் அன்று. நிலத்தின் வழிகாட்டி மதிப்பையொட்டிக் கட்டணம் செலுத்த வேண்டும். அதாவது நகரம் தன்னிடமுள்ள உரிமையைக் கொடுக்காமல் விற்கிறது. அந்தப் பணம் குடிநீருக்கும் சாலைக்கும் செலவானால் நன்மையே. செலவாகாவிடில் நெரிசல் மட்டுமே மிச்சமாகும்.

மறுபக்கம்

சலுகையே கூடாது என்று நான் வாதிடவில்லை. இக்கட்டுரையின் முதற்படியைத் தந்தையிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த ஏழு வருஷச் சம்பளம் இல்லன்னா இந்த வீட்டுக்கு மேல ஓடு ஏதுப்பா? கீற்றுதான் இருந்திருக்கும். அதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன். ஆலை வந்ததால் எங்கள் தெருவில் பலருக்கு மாதச் சம்பளம் என்பது முதன்முதலாக அறிமுகமாயிற்று என்பது உண்மை. அது போனபோது முந்திரித் தோப்புக்கும் கட்டட வேலைக்கும் திரும்பியதும் உண்மை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் என் தாய்மாமனும் உடனிருந்தார். “ஆலை போனா போகட்டும் மாப்ளே. எங்க பாத்தியை யாராலும் லாரியில ஏத்த முடியாது. ஆனா மழை வந்துட்டா எங்களுக்கும் வேலை கிடையாது” என்றார். அந்த வேலையில்லாத மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளிக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அது யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்பது அனைவருக்கும் தெரியும். ஆலைக்கு விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு என்பது அவ்வாலையில் ஏழாண்டு உழைத்த என் தந்தைக்குக்கூடத் தெரியாது. சிறு தொகை அளக்கப்படுகிறது, பெருந்தொகை அளக்கப்படுவதில்லை.

இன்னொன்று. வருமான வரியை விட்டுக்கொடுத்தது தில்லி, பயனடைந்தது முதலாளி, ஆலை போனபின் வேலையற்றோரைத் தாங்கியது எங்கள் ஊர். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், இழப்பவர் ஒருவர் என்றிருக்கும்போது கணக்குக் கேட்பவர் இல்லாமற் போவது இயல்பே.

செய்யத் தக்கவை

என் சிற்றறிவுக்கு எட்டிய கருத்துகளை ஆசிரியர்கள் முன்னும் நண்பர்கள் முன்னும் பணிவுடன் வைக்கிறேன்.

1. வெளிப்படையான கணக்கு. 2006–07 முதல் மைய வரவு செலவுத் திட்டத்தோடு, வரிச் சலுகைகளால் ஏற்படும் வருவாய் இழப்பும் வெளியிடப்படுகிறது. அமெரிக்க நகரங்கள் தாம் விட்டுக்கொடுத்த வரியைக் கணக்கறிக்கையில் காட்ட வேண்டும் என்று 2015இல் கணக்கியல் விதி வகுக்கப்பட்டது. அதுபோல் ஒவ்வொரு மாநிலமும் நகரமும் ஆலைவாரியாக வெளியிட வேண்டும்.

2. முன்பணமாக அல்லாமல், வேலைகள் உருவானபின் ஆண்டுதோறும் தவணையாகச் சலுகை தருதல். நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கையும் ஊதியமும் அளவுகோலாக வேண்டும்.

3. குறித்த காலத்திற்கு முன் ஆலை வெளியேறினால் பெற்ற சலுகையைத் திருப்பித் தரும் நிபந்தனை. அத்தொகையில் முதல் உரிமை தொழிலாளருக்கு.

4. மாநிலங்களிடையே 1999இல் ஏற்பட்டதைப் போன்ற உடன்பாடு, ஓட்டைகள் இன்றி.

5. பெயர்த்துச் செல்ல முடியாதவற்றில் முதலீடு. சாலை, மின்சாரம், குடிநீர், தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றுக்குச் செலவிட்டால், ஆலை போகலாம், சாலை போகாது. இயந்திரம் போகலாம்; கற்ற தொழில் போகாது.

முடிவுரை

2021ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழிற்கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்து, பின்தங்கியவற்றுக்குக் கூடுதல் சலுகை என்கிறது. நம் திண்டிவனத்தின் அருகிலும் சிப்காட் பூங்கா அமைந்துள்ளது. மகிழ்ச்சியே. நம்மில் பலர் பட்டம் பெற்றபின் நிற்கப்போவது அத்தகைய ஆலைகளின் வாயிலில்தான். அங்கே நிற்கும்போது வேலை உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், இந்த வேலைக்கு நம் மக்கள் கொடுத்த விலை என்ன, இது எத்தனை நாளைக்கு என்றும் கேட்கும் அறிவைப் பொருளியல் நமக்குத் தர வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. அளக்கச் சொன்னார்கள். அளப்போம்.