ஒளிரும் படிகம்

மாலை வேளையில் ஓசூர்ச் சாலையின் மேம்பாலத்தில் செல்வோர் எலெக்ட்ரானிக் சிட்டியின் விளக்கொளியைக் காணலாம். அலுவலகங்களிலும் தெருக்களிலும் இன்று ஒளிரும் விளக்குகளுள் பல, எல்.ஈ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடுகள் ஆகும்.

டையோடின் ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான்களும் மறுபக்கத்திலிருந்து மின்துளைகளும் வருகின்றன. எலக்ட்ரான் இருக்கவேண்டிய இடம் காலியாக இருப்பதே மின்துளை. இரண்டும் இணையும்போது ஒளித்துகள் பிறக்கிறது. நூறு எலக்ட்ரான்களைச் செலுத்தினால் எத்தனை ஒளித்துகள்கள் வெளிவருகின்றன என்பதைக் கொண்டு டையோடின் பயனுறுதிறனை அளவிடுவர்.

1839 ஆம் ஆண்டு உரால் மலைப்பகுதியிலிருந்து கிடைத்த ஒரு கனிமத்திற்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயரிட்டனர். அதே படிக அமைப்புடைய பொருள்களை இன்று ஆய்வகங்களில் உருவாக்குகின்றனர். அவற்றைக் கரைசலாக்கி, மெல்லிய படலமாகப் பூசலாம். புரோமின் சேர்ந்தவை பச்சையாகவும் அயோடின் சேர்ந்தவை சிவப்பாகவும் ஒளிரும்.

2014 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அறை வெப்பநிலையில் ஒளிரும் பெரோவ்ஸ்கைட் டையோடை உருவாக்கினர். அதன் பயனுறுதிறன் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. ஏன்?

வாய்க்காலின் கரையில் விரிசல் இருந்தால், கடைமடைக்கு நீர் சேராது. படிகத்தில் அணுக்கள் விடுபட்ட இடங்களும் அத்தகைய விரிசல்களே. அங்குச் சிக்கும் எலக்ட்ரானின் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. பிறந்த ஒளியிலும் ஒரு பகுதி படலத்துக்குள்ளேயே எதிரொளித்து அடைபட்டுவிடுகிறது.

ஆய்வாளர்கள் தகுந்த மூலக்கூறுகளைச் சேர்த்து அக்குறைகளை அடைத்தனர். படலத்தில் நுண்ணிய மேடுபள்ளங்களை அமைத்து, ஒளி வெளியேற வழிசெய்தனர். இத்தகைய முயற்சிகளால் 2018 இல் பயனுறுதிறன் நூற்றுக்கு இருபதைக் கடந்தது.

ஆயினும், இவ்விளக்குகள் நீண்டநாள் உழைப்பதில்லை. ஈரமும் வெப்பமும் படிகத்தைச் சிதைக்கின்றன. பச்சைப் படிகமும் சிவப்புப் படிகமும் அருகருகே இருந்தால், அயனிகள் இடம்பெயர்ந்து நிறம் மாறுகிறது. பெங்களூரில் உள்ள நானோ மற்றும் மென் பருப்பொருள் அறிவியல் மைய ஆய்வாளர்கள், ஆர்கான், ஆக்சிஜன் வளிமங்களின் பிளாஸ்மாவைப் பயன்படுத்தி இவ்விடப்பெயர்ச்சியைக் குறைத்துள்ளனர். இவ்வகைப் படிகங்கள் பலவற்றில் நச்சுத்தன்மையுள்ள ஈயம் இருப்பதும் தீர்க்கப்படவேண்டிய சிக்கலாகும். மிகுந்த ஒளி, நீண்ட ஆயுள், தீங்கின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் இவ்விளக்கு வீடுகளுக்கு வரும்.

அருஞ்சொற்பொருள்
கடைமடை – வாய்க்கால் நீர் இறுதியாகச் சென்றடையும் வயற்பகுதி
படலம் – மெல்லிய பூச்சு
வளிமம் – வாயு
பயனுறுதிறன் – செலுத்திய அளவுக்குக் கிடைக்கும் பயனின் விகிதம்

பயிற்சி
1. மின்துளை என்றால் என்ன?
2. டையோடில் ஒளி எவ்வெவ்வாறு வீணாகிறது? வாய்க்கால் உவமையைக் கொண்டு விளக்குக.
3. பிரித்து எழுதுக: இவ்விளக்கு, ஒளித்துகள்.
4. ‘பயனுறுதிறன் மட்டும் உயர்ந்தால் போதுமா?’ வகுப்பில் கலந்துரையாடுக.

செயல்பாடு
உங்கள் வீட்டு எல்.ஈ.டி. விளக்கின் உறையில் உள்ள வாட், லூமென் அளவுகளைக் குறித்துக்கொள்க. ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் ஒளி கிடைக்கிறது எனக் கணக்கிட்டு, நண்பரின் விடையுடன் ஒப்பிடுக.