நல்ல கிருமிக்கும் வெயில் ஆகாது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போய்க்கொண்டே நிலத்தையும் பார்ப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை பகல்தான் அவர்களுக்குக் கிடைக்கும். பதினொரு மணி வெயிலில் நெல்லுக்கு சூடோமோனாஸ் அடித்துவிட்டு, "இயற்கை மருந்து கேக்கவே இல்ல சார்" என்பார்கள். அடித்த நேரத்தையும் கொஞ்சம் பார்க்கணும்.

வெயில் கிருமியைக் கொல்லும் என்பதை 1877-ல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் சோதித்துக் காட்டினார்கள். சத்துநீர் ஊற்றிய குழாய்களில் ஒளி படாமல் மூடியவை கலங்கிப்போயின. வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன.

வேலை செய்வது முக்கியமாகப் புற ஊதாக் கதிர். அதில் மூன்று வகை. கொடுமையான 'சி' வகையை ஓசோன் படலம் தடுத்துவிடும். 'பி' கொஞ்சமும், 'ஏ' பெரும்பகுதியும் தரைக்கு வருகின்றன. 'பி' கதிர் பட்டால், கிருமியின் மரபணு இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற தைமின் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இழையைச் சரியாகப் படியெடுக்க முடியாது. அப்புறம் கிருமி எங்கே பெருகுவது?

இதில் நல்லது கெட்டது என்ற பேதம் கதிருக்குத் தெரியாது. இன்னும் மோசம், குலைநோய்ப் பூஞ்சை இலைக்குள்ளே பத்திரமாக இருக்கும். நாம தெளிச்சது இலைமேல கிடந்து சாகும். வங்கிக்காரன் பாஷையில் அது வாராக்கடன். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் அடித்தால் ராத்திரி முழுக்க ஈரமும் கிடைக்கும். பகல் ஷிப்டு முடித்து வருபவர்களுக்குத் தோதான நேரம்தான்.

நிலக்கடலையில் புரோடீனியா புழுவுக்கு அடிக்கும் என்.பி.வி. வைரஸ் கரைசலுக்கும் இதே விதி. அந்தப் புழுவும் இரவில்தான் அதிகம் மேயும். கரைசலில் வெல்லத்தோடு துணிக்குப் போடும் நீலத்தையும் சேர்க்கச் சொல்வார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த நீலம் வைரஸுக்குப் பிடிக்கிற குடை. ஜீவாமிர்த டிரம்மை மர நிழலில் சாக்கு மூடி வைப்பதும், மூடாக்குப் போட்ட ஈரமண்ணில் அதை விடுவதும் இதனால்தான்.

குழித்தட்டு, அரிவாள் இவற்றுக்கு நல்ல வெயில் காட்டலாம். முதலில் மண் போகக் கழுவணும், புரட்டியும் வைக்கணும். கதிர் படாத பக்கத்தில் கிருமி அப்படியே இருக்கும். சாதாரணக் கண்ணாடி 'பி' கதிரைப் பெரும்பாலும் விடாது என்பதால் ஜன்னலுக்கு உள்ளே காயவைப்பதில் அவ்வளவு பயனில்லை.

தெளிந்த நீரைப் பெட் பாட்டிலில் ஊற்றி 6 மணி நேரம் முழு வெயிலில் வைத்துக் குடிக்கும் 'சோடிஸ்' முறை பல நாடுகளில் இருக்கிறது. தொழிற்பேட்டை ஓரத்துக் கிணற்றுத் தண்ணீரை இப்படிச் சரிசெய்துவிடலாம் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம். கிருமிதான் சாகும், கரைந்த உப்பும் உலோகமும் வெயிலுக்கு அசையாது. அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கணும்.