பழைய கணிப்பொறி வாங்கும் முன்

பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் பல இல்லங்களில் எழும் பேச்சு, கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு ஒரு கணிப்பொறி வாங்குவது பற்றியதாகும். புதியது வாங்க வசதியில்லாத பெற்றோர் பழையதை நாடுகின்றனர். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் தையல் இயந்திரத்தைப் பார்ப்பது போல, ஓடுகிறதா, தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தல் போதாது. நன்றாக ஓடும் கணிப்பொறியும் காலாவதியாகி இருக்கக்கூடும். அது எவ்வாறு எனக் காண்போம்.

கணிப்பொறியை இயக்கும் விண்டோஸ் என்னும் மென்பொருளுக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புகிறது. விண்டோஸ் 10-க்கு இந்த வழக்கமான உதவி 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நின்றது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-ஓ எல்லாப் பொறிகளையும் ஏற்பதில்லை. இன்டெல் பிராசசர் ஆயின், ஒரு சிலவற்றைத் தவிர, 2017-இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருத்தல் வேண்டும்.

தலைமுறையை அறிவது எளிது. ‘ஐ5’, ‘ஐ7’ என்பதைக் கண்டு மயங்கலாகாது. அதையடுத்து வரும் எண்ணே முக்கியம். ஐ5-8250யூ என்பதில் முதல் இலக்கம் 8. எனவே எட்டாம் தலைமுறை. ஐ7-6600யூ ஆறாம் தலைமுறை. ஏழு பெரிதாயிற்றே என்று இதற்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு! எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 1135 எனில் பதினொன்றாம் தலைமுறை. “பழைய பொறியிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்” என்பர் சில கடைக்காரர்கள். போடவும் முடியும். ஆனால் அத்தகைய பொறிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை.

அப்படியானால் ஆறாம் தலைமுறைப் பொறி குப்பைக்கா? இல்லை. இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு போன்ற லினக்ஸ் மென்பொருள் அதில் நன்கு இயங்கும். கல்லூரியில் விண்டோஸ் மட்டுமே ஏற்கும் மென்பொருள் தேவைப்படுமா என்று முன்னரே கேட்டறிவது நலம்.

அடுத்து, ராம் 8 ஜி.பி.யாவது இருக்கட்டும். சில மெலிந்த லேப்டாப்களில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; பின்னால் கூட்ட இயலாது. ஹார்டு டிஸ்க் இருப்பின் அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பொறியின் வேகம் வியக்குமளவு கூடும். விலை பேசும்போதே இச்செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் டெல் லாட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், எச்.பி. எலைட்புக் ஆகியவை கிடைக்கின்றன. இவை அலுவலகங்களுக்கென உறுதியாகச் செய்யப்பட்டவை. உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கும். பளபளப்பு குறைவுதான். நம் பெண்களுக்கு அது சற்று வருத்தமே!

அலுவலகப் பொறியில் ஓர் ஆபத்துண்டு. பழைய நிறுவனத்தின் பூட்டு நீங்காமல் இருந்தால், புதிதாக விண்டோஸ் போட்டு இணையத்தில் இணைத்ததும் அந்நிறுவனத்தின் கணக்கைக் கேட்கும். ஆகவே கடையிலேயே முழுவதும் அழிக்கச் செய்து, நம் கைப்பேசியின் இணையத்தோடு இணைத்துப் பார்க்க வேண்டும். பயாஸ் கடவுச்சொல் கேட்டாலும் வாங்கலாகாது. பாட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லலாம். புதிதில் இருந்த கொள்ளளவில் பாதியே எஞ்சியிருப்பின் புது பாட்டரியின் விலையைக் கழித்துக் கேட்பது நியாயமே. பணம் கொடுக்கும்போது, பொறியின் வரிசை எண்ணையும் உத்தரவாத நாட்களையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வோம்.