யாருக்கு முதலில் கதவைத் திறப்பது?

2020 நவம்பரில் ஒரு நாள், பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் பெற்றோர் கூட்டம். மேல் மாகாணத்திற்கு வெளியே 6 ஆந் தரம் முதல் 13 ஆந் தரம் வரையான வகுப்புகளை அம்மாதம் 23 ஆந் திகதி திறப்பதென்று அறிவிப்பு வந்திருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வாங்குகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, முகக்கவசத்துடன் முப்பது பேர் வரை உட்கார்ந்திருந்தோம்.

அதிபர் சுற்றுநிருபத்தை வாசித்து முடிப்பதற்குள் ஒரு தாய் எழும்பினார். கொழுந்து பறிப்பவர். "சேர், எனக்கு மூத்தவ எட்டாம் வகுப்பு, சின்னவன் மூணாம் வகுப்பு. பெரிய வகுப்ப மட்டும் தொறந்தா சின்னவன யாருகிட்ட விட்டுட்டு நான் மலைக்குப் போறது? மூத்தவதான் வீட்டுல நிக்கணும்."

பின்வாங்கிலிருந்து இன்னொரு பெண்: "தொறக்காட்டியும் பரவாயில்ல சேர். எங்க மாமியாருக்கு நெஞ்சு இழுப்பு. லயத்துல ஒரே காம்பரா. பிள்ள நோவக் கொண்டாந்தா அந்த மனுசிய எங்க தனியா வைக்கிறது?"

ஒரு தகப்பனார் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "வேல செய்யாட்டியும் சம்பளம் வர்றவங்களுக்கு தொறந்தா என்ன, மூடினா என்ன?" இளம் ஆசிரியை ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "அண்ணே, நான் ரெண்டு பஸ் மாறி வாறேன். வீட்டுல கைக்குழந்த இருக்கு. இங்க டேங்கில தண்ணி இல்ல. பிள்ளைகளக் கை கழுவச் சொல்லி நான் எங்க அனுப்புறது?"

அதற்குப் பிறகு ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கவில்லை. தேநீர் வந்ததால் மட்டுமே கூட்டம் ஒருவாறு முடிந்தது. வீடு திரும்பும் வழியில் யோசித்தபோது ஒன்று விளங்கியது. அன்று பேசிய நால்வரில் எவரும் பொய் சொல்லவில்லை. நால்வரும் பேசியது நான்கு வெவ்வேறு விடயங்களைப் பற்றி. அதைத் "திறப்பதா, மூடுவதா" என்ற ஒரே கேள்விக்குள் அடைத்தபடியால்தான் சண்டை வந்தது.

இது எமது மலைநாட்டில் மட்டும் நடந்த சண்டையல்ல. கொவிட் 19 நோயினால் 2020 இல் 190க்கு மேற்பட்ட நாடுகளில் பாடசாலைகள் மூடப்பட்டன. 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். அத்தனை நாடுகளிலும் பெற்றோரும் ஆசிரியரும் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து நின்றார்கள். பிரிந்ததில் வெட்கம் இல்லை. எதைப் பற்றிப் பிரிந்தோம் என்று இன்று ஆறுதலாக இருந்து பார்ப்பது நல்லது. ஏனென்றால் பாடசாலை மூடும் நாள் கொள்ளைநோயோடு முடிந்துவிடுவதில்லை.

நடந்தது என்ன?

நாட்களை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 13 ஆந் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலை 6 ஆந் திகதி 5, 11, 13 ஆந் தரங்கள் முதலில் வந்தன. கந்தக்காட்டில் தொற்று பரவியதும் ஒரு கிழமைக்குள் மீண்டும் மூடல். ஓகஸ்டில் திறந்தது, ஒக்டோபரில் மினுவாங்கொடைத் தொற்றோடு மூடியது. அந்த ஒக்டோபரிலேயே, 11 ஆந் திகதி 5 ஆந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் மறுநாள் உயர்தரப் பரீட்சையும் தொடங்கின. பாடசாலை ஆபத்தானதென்றால் பரீட்சை மண்டபம் எப்படி ஆபத்தில்லாமற் போனது என்று பெற்றோர் கேட்டார்கள். நேர்மையான கேள்விதான். நவம்பரில் மேல்வகுப்புகள் திறந்தன. மேல் மாகாணத்திற்கு வெளியே சிறுவர் வகுப்புகள் 2021 ஜனவரி 11 ஆந் திகதிவரை காத்திருந்தன. ஏப்ரல் இறுதியில் மறுபடியும் எல்லாம் மூடின. அம்முறை கதவு திறக்க ஒக்டோபர் 21 ஆகிவிட்டது.

ஆசிரியரின் பயம் வீண் பயமா?

"பிள்ளைகளுக்கு இந்த நோய் பெரிதாக வருவதில்லையே, ஆசிரியர்கள் ஏன் பயப்படுகிறார்கள்?" என்று பலர் கேட்டார்கள். இதற்குப் பதில் தரக்கூடிய ஒரு நாடு சுவீடன். 2020 வசந்த காலத்தில் அங்கே 16 வயதுக்குக் குறைந்தவர்களின் பாடசாலைகள் மூடப்படவில்லை. அதற்கு மேற்பட்டவர்களின் பாடசாலைகள் மட்டும் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். திறந்திருந்த கீழ் இடைநிலை வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு, மூடிய வகுப்புகளின் ஆசிரியர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு தொற்று ஏற்பட்டிருந்தது. பெற்றோருக்கு ஏற்பட்ட அதிகரிப்போ 17 சதவீதம் அளவுதான். அப்போது அங்கே வகுப்பறைகளில் முகக்கவசம் அணியும் வழக்கம் இருக்கவில்லை, தடுப்பூசியும் வந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆக, கதவு திறந்தபோது சுமையின் கூடிய பங்கு விழுந்தது ஆசிரியரின் தோளில். இரண்டு பஸ் மாறி வந்த அந்த ஆசிரியை வேலைக்குக் கள்ளம் செய்யவில்லை. அதே வேளை, பெரும்பாலான வீடுகளுக்குத் திறத்தல் பெரிய ஆபத்தாக இருக்கவில்லை என்பதும் அதே ஆய்விலிருந்தே தெரிகிறது. இலங்கையில் கொவிட் நோயால் இறந்தோரில் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்கள். எனவே மூச்சிழுப்புள்ள மாமியார் இருக்கும் ஒற்றைக் காம்பராவையும், இளம் தாய் தகப்பன் மட்டும் இருக்கும் வீட்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. கூட்டத்தில் அந்த மருமகள் சொன்னதை ஊருக்கே பொதுவான பதிலாக எடுத்ததும் பிழை, அவரை வாயடைக்கச் செய்ததும் பிழை. அவருடைய பிள்ளைக்கு மட்டும் வேறொரு வழி தேடியிருக்கலாம்.

வீட்டிலிருந்து படித்தது எவ்வளவு?

இனி மறுபக்கம். ஒல்லாந்து நாட்டில் 2020 இல் ஆரம்பப் பாடசாலைகள் 8 கிழமைகள் மூடியிருந்தன. உலகிலேயே இணைய வசதி மிக நல்ல நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே ஆண்டுதோறும் இரண்டு முறை பிள்ளைகளைச் சோதிக்கும் வழக்கம் இருந்தபடியால், இழப்பை அளக்க முடிந்தது. பிள்ளைகள் இழந்த படிப்பு ஏறத்தாழ ஒரு பாடசாலை ஆண்டின் ஐந்திலொரு பங்கு. அது மூடியிருந்த காலத்திற்குச் சமன். அதாவது அந்த 8 கிழமைகளில் வீட்டிலிருந்து அவர்கள் கற்றது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. படிப்புக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு 60 சதவீதம் வரை அதிகம்.

பெரும்பாலான வீடுகளில் கணினி உள்ள நாட்டின் கதை இது. எமது பக்கம் வாருங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின, ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் காசில் டேட்டா போட்டு வட்ஸ்அப்பில் பயிற்சித் தாள் அனுப்பினார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் 2021 இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் கைபேசிக்குச் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து பாறை ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அந்தப் படங்களைப் பலர் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் பாராட்டினார்கள். எனக்கு அதில் பாராட்ட ஒன்றும் தெரியவில்லை. பாறைக்கு ஏறக்கூடிய பிள்ளை ஏறியது. ஏற முடியாத 7 வயதுப் பிள்ளை, கைபேசியே இல்லாத வீட்டுப் பிள்ளை, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கைபேசி என்றிருந்த வீட்டின் தங்கை, இவர்கள் படத்தில் இல்லை.

இக்கட்டுரையை உங்கள் சங்கக் கூட்டத்தில் வாசிப்பதானால் இந்த இடத்தில் சற்று நிறுத்தி, வந்திருப்பவர்களைக் கேளுங்கள்: அந்த இரண்டு வருடங்களில் உங்கள் லயத்தில், உங்கள் குறிச்சியில், பாடசாலை திறந்தபின்பும் திரும்பிப் போகாத பிள்ளை யார்? பெயரைச் சபையில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை என்று விரல் மடித்தால் போதும்.

சிறியவர்களா, பரீட்சை எழுதுபவர்களா?

டென்மார்க் 2020 ஏப்ரல் 15 ஆந் திகதி ஐரோப்பாவில் முதலாவதாகப் பாடசாலைகளைத் திறந்தது. திறந்தது சிறுவர் வகுப்புகளை. பெரிய பிள்ளை தனியே புத்தகத்தைப் புரட்டும், சிறிய பிள்ளைக்கு ஆசிரியர் வேண்டும், சிறிய பிள்ளை வீட்டில் இருந்தால் தாய் தகப்பன் வேலைக்குப் போக முடியாது என்பது காரணம். அங்கேயும் பெற்றோர் எதிர்த்தார்கள். எங்கள் பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள் என்று முகநூலில் பல்லாயிரம் பேர் ஒன்றுசேர்ந்தார்கள். ஆசிரியர்களோ பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள், குழுக்களைக் கலக்கவில்லை, அடிக்கடி கை கழுவ வைத்தார்கள், முடிந்தவரை வெளியே முற்றத்தில் பாடம் நடத்தினார்கள். நாள் போகப் போகப் பெற்றோரின் பயம் குறைந்தது.

எமது நாடு 2020 இல் திறந்த ஒழுங்கு இதற்கு நேர் எதிர். 5, 11, 13 என்று பரீட்சை எழுதும் வகுப்புகளே முதலில். இதைத் தனியே அமைச்சின் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பெற்றோராகிய நாமும் அதைத்தான் கேட்டோம். பரீட்சை பிந்தினால் பிள்ளையின் வருடம் போய்விடும் என்று ஆசிரியரும் அதையே சொன்னார்கள். எழுத்துக்கூட்டத் தொடங்கிய 2 ஆந் தரப் பிள்ளைக்காக எந்தக் கூட்டத்திலும் எவரும் கை தூக்கவில்லை. அந்தக் கொழுந்து பறிக்கும் தாய் கேட்டது மட்டும்தான் வீட்டு நிலைமையிலிருந்து வந்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அதிபருக்கு அதிகாரம் இருக்கவில்லை. அவர் சொன்னபடியே ஆயிற்று: மேல்வகுப்பு திறந்தும் மூத்தவள் ஜனவரிவரை பாதி நாட்கள் வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2021 ஒக்டோபர் 21 ஆந் திகதி ஒழுங்கு தலைகீழானது. 200 பேருக்குக் குறைந்த மாணவர்களுள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில், 25 ஆந் திகதி ஏனைய ஆரம்பப் பிரிவுகள், நவம்பர் 8 ஆந் திகதி 10 முதல் 13 வரை, 22 ஆந் திகதி 6 முதல் 9 வரை. நாட்டின் 10,000க்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ 5,000 பாடசாலைகள் 200 மாணவர்களுக்குக் குறைந்தவை. அவற்றில் மிகப் பல எங்களைப் போன்ற கிராமங்களிலும் தோட்டங்களிலும் உள்ளவை. பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி இருத்த இடமுள்ளவை. 2021 ஓகஸ்டில் நாளுக்கு 200 பேர் இறந்துகொண்டிருந்தபோது மூடியிருந்தது சரியே. அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் 120 பிள்ளைகள் படிக்கும் மலைப் பாடசாலைக்கும் 4,000 பேர் படிக்கும் நகரப் பாடசாலைக்கும் மற்றக் காலங்களிலும் அநேகமாக ஒரே நாளில் ஒரே பூட்டுப் போட்டோம்.

சம்பளப் பிரச்சினை

பெற்றோரின் மனக்கசப்பு அதிகமானது 2021 ஜூலையில். 12 ஆந் திகதி முதல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. கேட்டது 1997 முதல் தீராதிருந்த சம்பள முரண்பாட்டுக்குத் தீர்வு. ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியதும் அதே ஜூலைதான். ஒக்டோபர் 21 ஆந் திகதி கதவு திறந்தபோது சங்கங்கள் 25 ஆந் திகதியே வருவோம் என்றன. அந்த நாலு நாளைப் பற்றி ஊர்களில் எழுந்த வார்த்தைகள் இன்னும் சிலர் மனதில் ஆறவில்லை.

24 வருடம் தீராத கோரிக்கை நியாயமானது. அது கொள்ளைநோய்க் காலத்தில் எழுப்பப்பட்டதால் ஆசிரியரின் நோய்ப் பயமும் சம்பளக் கோரிக்கையும் பெற்றோர் கண்ணில் ஒன்றாகிவிட்டன. "தண்ணி இல்ல" என்று ஆசிரியை சொன்னதும் இதனால் நம்பப்படாமற் போனது. சங்கக் காரியத்தைச் சங்கத்திலும் பாடசாலைக் காரியத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் தனித்தனியே பேசியிருந்தால், அந்தத் தகப்பனாருக்கே தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யும் கைவேலை தெரியும் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

தெரிந்தது பின்னர்தான். 2021 நவம்பரில் அதே பாடசாலையில் மறுபடி கூடினார்கள். இம்முறை அதிபர் சுற்றுநிருபத்தைக் கடைசியில் வாசித்தார். முதலில் ஒரு சி.ஆர். கொப்பியைத் திறந்து, எந்த ஆசிரியர் எங்கிருந்து வருகிறார், எந்த வீட்டில் வயதானவர் அல்லது நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் கைபேசி இல்லை, எந்தப் பெரிய பிள்ளை சின்னதைப் பார்க்க வீட்டில் நிற்கிறது என்று நிரல் நிரலாக எழுதினார்கள். மாமியார் நோயாளியாக உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சித் தாளைப் பக்கத்து லயத்துப் பிள்ளை கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவானது. அரை மணித்தியாலத்துக்குமேல் எடுக்கவில்லை.

2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் நகரப் பாடசாலைகள் மூடின. ஆசிரியர்கள் வந்துசேரக்கூடிய கிராமப் பாடசாலைகளைத் திறந்து வைக்க அம்முறை இடமளிக்கப்பட்டது. அதிபர் அந்தக் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்தார். நடந்து வரக்கூடிய தூரத்தில் ஐந்து ஆசிரியர்கள் இருப்பது முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இரண்டு பஸ் மாறி வரும் ஆசிரியைக்குப் பாடசாலைக்குக் கிட்ட ஒரு அறை தருவதாக ஒரு குடும்பம் சொன்னது. முந்திய கூட்டத்தில் அவரோடு சண்டை பிடித்த அந்தத் தகப்பனாரின் குடும்பம்.