முதல் பத்து வண்டிகள்

கருப்பு டேங்கில் விழுந்த கீறல் நிழலில் தெரியாது. வண்டியை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் தெரியும். நான் காசு வாங்கிக்கொண்டு துடைத்துக் கொடுத்த இரண்டாவது வண்டி ஒரு கருப்பு பல்சர். ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தது. டேங்கில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனமும் குங்குமமும். தண்ணீர் ஊற்றும் முன் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். விபூதி என்பது சாம்பல். சாம்பலால்தானே நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்தோம்? கழுவி, வேக்ஸ் பூசி, வெளியே நிறுத்திய பிறகு பார்த்தால் துணி போன வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடு. வண்டிக்காரர் நல்ல மனிதர். "பரவாயில்ல தம்பி" என்று சொல்லிக் காசையும் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அவர் வரவே இல்லை.

பைக் டீட்டெயிலிங் தொழிலுக்கு வருகிறவர்கள் பளபளப்பைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எந்த பாலிஷ், எந்த மெஷின், செராமிக் கோட்டிங்குக்கு எவ்வளவு வாங்கலாம். முதல் பத்து வண்டிக்கு இந்தக் கேள்விகள் எதுவும் வேண்டாம் என்பது என் அனுபவம். வந்த நிலையைவிட மோசமாக்காமல், ஓட்டிக்கொண்டு போகிறவர் முதல் திருப்பத்தில் வழுக்கி விழாமல் வண்டியைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தால் போதும். இதுவே பெரிய வேலை.

வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும், அதற்கும் தயாராக இருங்கள். "டிகிரி முடிச்சிட்டு வண்டி கழுவப் போறியா?" என்று அத்தையோ சித்தப்பாவோ கேட்பார்கள். தெருமுனை வாட்டர் வாஷில் இருபது நிமிடத்தில் ஒரு வண்டி முடிந்துவிடும். அதுவும் உழைப்புதான், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். நீங்கள் செய்யப்போவது அதே வண்டியின் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்காரும் வேலை. மெக்கானிக்கூட அவ்வளவு நேரம் அந்த வண்டியைக் கண்ணால் தடவிப் பார்த்திருக்க மாட்டார். உங்களுக்குக் கிடைக்கும் கூலி அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான்.

கை வைக்கும் முன்

வண்டி வந்து நின்றதும் வாளியைத் தூக்காதீர்கள். உரிமையாளரை நிற்க வைத்து, இருவருமாக ஒரு சுற்று வாருங்கள். ஏற்கனவே உள்ள கீறல், நசுங்கல், சைலன்ஸர் துரு, ஓரம் தூக்கிய ஸ்டிக்கர், உடைந்த இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கிலோமீட்டர் அளவையும் ஒரு படம் எடுங்கள். "இந்தக் கீறல் முன்னாடியே இருந்துச்சா?" என்ற சண்டையே பிறகு வராது.

கண்ணாடியில் கட்டிய கறுப்புக் கயிறு, ஹேண்டில்பாரில் காய்ந்துபோன மாலை, முன்னால் தொங்கும் எலுமிச்சை மிளகாய், டேங்கில் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் எதுவானாலும் கேட்காமல் எடுக்காதீர்கள். உங்களுக்கு அழுக்காகத் தெரிவது அவர் அம்மா கட்டிவிட்டதாக இருக்கலாம்.

சாவி உங்கள் கையில் இருக்கும். ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கத் தோன்றும், வேண்டாம். வண்டியை நகர்த்த வேண்டுமானால் தள்ளுங்கள். வாடிக்கையாளர் வண்டியில் சாலையில் ஒரு விபத்து நடந்தால் உங்கள் ஒரு வருட வருமானம் அதிலேயே போய்விடும். அதேபோல நம்பர் பிளேட் தெரிய இன்ஸ்டாகிராமில் படம் போடுவதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் துணியும்

சூடான எஞ்சினில் தண்ணீர் ஊற்றக்கூடாது. புறங்கையை டேங்கில் வைத்தால் சுடாமல் இருக்கவேண்டும். எஞ்சின் கை தாங்கும் அளவுக்கு ஆறியிருக்கவேண்டும். நம் ஊர் வெயிலில் காலை ஒன்பதுக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின், அதுவும் நிழலில். நடுப்பகலில் ஷாம்பூ டேங்கிலேயே காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

பிரஷர் வாஷர் கையில் கிடைத்தால் எல்லா இடத்திலும் அடிக்கத் தோன்றும். வீல் பேரிங், செயின், ஹேண்டில்பாரின் கழுத்து, சாவித் துவாரம், சுவிட்சுகள், ரேடியேட்டர், ஹார்ன் ஆகியவற்றில் நேராக அடித்தால் கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். இரண்டு மாதம் கழித்து பேரிங் சத்தம் போடும்போது பழி உங்கள்மேல் விழாது. ஆனாலும் தவறு உங்களுடையதுதான். சைலன்ஸர் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். மட்கார்டின் உள்பக்கச் சேற்றுக்கு வேண்டுமானால் பிரஷரை வையுங்கள். மற்ற இடங்களுக்குச் சாதாரண ஹோஸ் போதும்.

சென்னைக் கடலோரப் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதில் கழுவி அப்படியே காயவிட்டால் கருப்பு பெயின்டில் வெள்ளை வட்டங்கள் நிற்கும். இதற்கு நான் கண்ட வழி எளிது. கடைசி அலசலுக்கு மட்டும் வீட்டுக்கு வரும் கேன் தண்ணீரில் நாலைந்து லிட்டர் எடுத்து, டேங்கின் மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை அது அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நட்டு இடுக்கிலும் சுவிட்ச் இடுக்கிலும் நிற்கும் தண்ணீரைச் சின்ன புளோயரால் ஊதித் தள்ளுங்கள்.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் வண்டி தேய்க்கும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் மட்கார்டில் எடுத்த மணலை நீங்களே கொண்டுபோய் டேங்கில் தேய்ப்பீர்கள். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி பிரஷ். பாத்திரம் கழுவும் சோப்பும் துணி சோப்புத் தூளும் வேண்டவே வேண்டாம். மேலே பூசியிருக்கும் வேக்ஸையும் அவை கழுவிக்கொண்டு போகும்.

துணி விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒர்க்‌ஷாப்களில் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட் மலிவு, எண்ணெயை நன்றாக உறிஞ்சும். செயினுக்கும் எஞ்சின் அடிப்பாகத்துக்கும் அதைவிட நல்ல துணி இல்லை. ஆனால் அதில் தையலும் இருக்கும், கடினமான நூல் முடிச்சும் இருக்கும். அது டேங்கில் படவே கூடாது. நிறத்துக்கு மேல் கிளியர்கோட் என்று கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. கீறல் விழுவதும் அதில்தான், பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுப்பதும் அதைத்தான். டேங்குக்கு மைக்ரோஃபைபர் துணி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தரையில் விழுந்தால் அது அன்றைக்குச் சக்கரத் துணியாகிவிடும்.

காக்கை எச்சமும் மரத்திலிருந்து ஒழுகும் பிசினும் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், ஊறி வந்துவிடும். விபூதிக்கும் இதே வழிதான்.

செயின்: விரல் போகும் இடம்

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடித்துச் சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் கூடவே விரலும் போகும். கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து சட்டைப்பையில் போட்டு, வண்டியை நடு ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செயினைத் துடைக்கவேண்டும். வேலைக்கு ஆள் வைக்கும் நாள் வந்தாலும் முதல் பாடமாக இதைச் சொல்லுங்கள்.

இப்போதைய வண்டிகள் பலவற்றில் செயின் கண்ணிகளுக்குள் ரப்பர் வளையங்கள் இருக்கும். பெட்ரோல் அவற்றைக் கெடுக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ போதும். மென்மையான பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு செயின் லூப் அடியுங்கள். டபிள்யூடி-40 செயின் லூப் அல்ல. லூப் அடிக்கும்போது பின் டிஸ்க்கை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒழுகும் மண்ணெண்ணெய்க்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். அதைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு ஆயில் சேர்த்துவைக்கும் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். எஞ்சினுக்கு டீசல் ஸ்ப்ரே கேட்கும் வாடிக்கையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று மாலை எஞ்சின் மினுமினுக்கும், இரண்டு நாளில் ஊர்ப் புழுதியெல்லாம் அதில் ஒட்டும், ரப்பர் பாகங்கள் ஊறிப்போகும். "அண்ணே, டீசல் அடிக்கிறதில்ல. டீகிரீசர் போட்டு பிரஷ்ல எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள்.

பளபளக்கக் கூடாதவை

பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டு பாலிஷோ எண்ணெயோ படக்கூடாது. தெரியாமல் பட்டால் பிரேக் கிளீனரால் டிஸ்க்கைத் துடையுங்கள். பேடில் ஊறியிருந்தால் அதை மாற்றவேண்டியிருக்கும் என்று மறைக்காமல் சொல்லுங்கள். டயர் பாலிஷைப் பக்கச்சுவரில் வேண்டுமானால் லேசாகப் பூசலாம், சாலையைத் தொடும் பகுதியில் ஒருபோதும் கூடாது. காருக்கு அது அழகு. சாய்ந்து திரும்பும் பைக்குக்கு அது வழுக்குப் பாறை. சீட்டு, ஹேண்டில் கிரிப், கால் மிதி, பிரேக் பெடல் இவற்றுக்கும் மினுமினுப்பு வேண்டாம். மேட் பெயின்டில் பாலிஷோ சாதாரண வேக்ஸோ போட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகத் தெரியும், திரும்ப மேட் ஆகாது. அதற்கென்று விற்கும் ஷாம்பூவும் ஸ்ப்ரேயும் மட்டும்தான்.

அப்பாவின் பழைய வண்டி ஒரு நாள் உங்களிடம் வரும். 1985 முதல் 1996 வரை இங்கே வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 ஆக இருக்கலாம், பழைய புல்லட்டாகவும் இருக்கலாம். இவற்றில் கைவைக்கும் முன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துளி பாலிஷ் போட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர்கோட் இல்லை, நீங்கள் தேய்ப்பது நிறத்தையேதான் என்று அர்த்தம். புல்லட் டேங்கின் தங்கக் கோடுகள் தொழிற்சாலையில் பிரஷ் பிடித்துக் கையால் வரைந்தவை. அவற்றைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டாமல் பாலிஷைத் திறக்காதீர்கள். குரோமில் துருப்புள்ளி இருந்தால் அலுமினிய ஃபாயிலைச் சுருட்டி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேல்துரு போகும். குரோம் உரிந்து குழி விழுந்திருந்தால் எதனாலும் திரும்ப வராது. அதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடித்த பிறகு சொன்னால் சாக்காகிவிடும்.

காசு

முதல் மூன்று வண்டி உறவினர்களுடையதாக இருக்கட்டும், பொருள் செலவை மட்டும் வாங்குங்கள். நாலாவதிலிருந்து கூலி வாங்கவேண்டும். இலவசமாகச் செய்துகொடுத்தால் நீங்களே அவசரப்படுவீர்கள், அவரும் குறையைச் சொல்லமாட்டார். இரண்டுமே நீங்கள் கற்பதைத் தடுக்கும்.

மூன்று மணி நேர வேலைக்கு 300 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஷாம்பூ, லூப், வேக்ஸ், துணித் தேய்மானம், தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 ரூபாய் போனால் கையில் 210. மணிக்கு 70 ரூபாய். இந்தக் கணக்கை ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் எழுதிப் பாருங்கள், பத்தாவது வண்டியில் உங்கள் விலை தானாகத் தெரிந்துவிடும். பக்கத்துத் தெரு வாட்டர் வாஷ் விலையோடு போட்டி போடவேண்டாம், அது வேறு வேலை.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை, உள்ளூரில் சேவை செய்து பிழைக்கும் இந்தத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. உத்யம் பதிவை ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். காசு கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. ஆனால் முதல் பத்து வண்டிக்குக் கடன் தேவையே இல்லை. இரண்டு வாளி, ஒரு ஹோஸ், ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணி, மூன்று நான்கு பிரஷ், ஷாம்பூ, டீகிரீசர், செயின் லூப், ஒரு டப்பா வேக்ஸ், வண்டி தேய்க்கும் கையுறை, நைட்ரைல் கையுறை. இவ்வளவுதான்.

செராமிக் கோட்டிங் கேட்டு வந்தால், "இன்னும் அத நான் எடுக்கல சார்" என்று சொல்லுங்கள். பூச்சுக்கு அடியில் சிக்கிய கீறல் பிறகு அப்படியே நிற்கும். காயும்வரை தண்ணீரும் தூசியும் படாமல் வைக்க மூடிய இடமும் வேண்டும்.

வண்டியைக் கொடுக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு லைட், ஹார்ன், இண்டிகேட்டர் பாருங்கள். தள்ளிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் நாலைந்து முறை பிடியுங்கள். ஈர டிஸ்க் முதலில் பிடிக்காது. உரிமையாளரிடமும் சொல்லுங்கள்: "முதல் ரெண்டு தெரு மெதுவா போங்கண்ணே." துடைக்கும்போது கண்ணில் பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: முன் போர்க்கில் ஆயில் கசிவு, தேய்ந்த பிரேக் பேட், தளர்ந்த ஸ்போக், வெடித்த டயர் ஓரம். நீங்கள் சரிசெய்யவேண்டாம், மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறவர்களில் பலர் பளபளப்புக்காக வரவில்லை. ஒருமுறை பின் பேட் தேய்ந்திருக்கிறது என்று நான் சொன்னதற்காக வந்தவர்கள் அவர்கள்.

பத்து வண்டி முடிந்த பிறகு பாலிஷ் மெஷின் வாங்கலாம். அதை முதலில் யாருடைய வண்டியிலும் வைக்காதீர்கள். சென்னையில் இருந்தால் புதுப்பேட்டைக்குப் போய், நசுங்கிய பழைய டேங்க் ஒன்றும் பிளாஸ்டிக் சைடு பேனல் ஒன்றும் பேரம் பேசி வாங்கி வாருங்கள். மூன்று அங்குல பேடைப் போட்டு, ஓரத்தில் வைத்து, பெயின்ட் தேய்ந்து உள்ளே இருக்கும் தகடு தெரியும்வரை வேண்டுமென்றே ஓட்டுங்கள். எத்தனை நொடி ஆனது, பிளாஸ்டிக் எப்போது சூடேறி இளகியது, ஸ்டிக்கர் எப்போது சுருண்டது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு டேங்கின் மறுபக்கத்தில் அதே வேலையை, அந்த நொடிகளுக்கு வெகு முன்னாலேயே கையை எடுத்துச் செய்து பாருங்கள்.