இயந்திரத்தின் தண்ணீர் எங்கே போகின்றது?

மடுல்கெல்லைப் பகுதியில் விளையும் போஞ்சியும் கோவாவும் தக்காளியும் பன்வில, வத்துகாமம் வழியாகக் கண்டிக்கும், அங்கிருந்து தம்புள்ளைக்கும் லொறியிலேயே செல்கின்றன. வயலை உழுவதற்கும் சூடடிப்பதற்கும் நாம் உழவு இயந்திரத்தையே நம்பியிருக்கின்றோம். ஆதலால் இயந்திரத்தின் நோயைக் கண்டறிதலும் கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் ஒன்றாகும். இத்துண்டுப் பிரசுரத்தில் நீரினால் குளிர்விக்கப்படும் இயந்திரங்களில் உண்டாகும் நீர்க்கசிவையும் மிதமிஞ்சிய சூட்டையும் பற்றிக் கூறுவோம்.

எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் சிறிய லொறி ஒன்று வைத்திருந்தார். இரண்டு மாதங்களாக நாள்தோறும் காலையில் ஒரு போத்தல் தண்ணீரை றேடியேற்றரில் ஊற்றிவிட்டே புறப்படுவார். காரணம் கேட்டபோது, “வண்டி கொஞ்சம் தண்ணீர் குடிக்கின்றது, ஐயா” என்றார். ஒருநாள் உர மூடைகளை ஏற்றிக்கொண்டு மலையேறி வருகையில் சூடுகாட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. வீடு இன்னும் இரண்டு மைல்தானே என்றெண்ணி அவர் நிறுத்தாமல் ஓட்டினார். அந்த இரண்டு மைலில் சிலிண்டர்த் தலை வளைந்துவிட்டது. லொறி கராஜில் கிடந்த நாட்களில் போஞ்சி முற்றிற்று. வாடகை லொறி கிடைத்தபோது சரக்கில் பாதி விலைபோகவில்லை. பின்னர் கழற்றிப் பார்த்ததில், நீர்ப்பம்பியிலிருந்து துளித்துளியாக நீர் ஒழுகியதே இத்தனைக்கும் காரணமெனத் தெரிந்தது. பம்பியை மாற்றும் செலவு அவர் இழந்ததில் ஒரு சிறு பங்குதான். அவர் அசட்டையானவர் அல்லர். தோட்டத்தில் ஓர் இலை மஞ்சளித்தாலும் கவனிப்பவர். ஆயின் வண்டி தண்ணீர் குடிப்பதில்லை என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

வயலில் மாலையில் கட்டிய நீர் காலையில் குறைந்திருந்தால் நாம் என்ன செய்கின்றோம்? மீண்டும் நீர் பாய்ச்சுவதோடு நின்றுவிடுவதில்லை. வரம்பைச் சுற்றி நடந்து நண்டு வளையைத் தேடுகின்றோம். இயந்திரத்திலும் தேடும் முறை அதுவே.

சூடு உண்டாகும் விதம்

இயந்திரத்தில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகின்றது. இன்னொரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதியை, சிலிண்டரைச் சுற்றி ஓடும் நீர் சுமந்து சென்று றேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். நீரை ஓட்டுவது பம்பி. காற்றை இழுப்பது விசிறி. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது நீரைத் தடுத்து நிறுத்தி, பெரும்பாலான வண்டிகளில் 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் திறந்துவிடும் ஒரு சிறு கதவும் உண்டு. அதனைத் தேர்மோஸ்ரற்று என்பர்.

றேடியேற்றரின் மூடியைப் பலர் வெறும் மூடியென்றே எண்ணுகின்றனர். அது அழுத்தத்தைக் காக்கும் வால்வு ஆகும். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 1000 மீற்றர் உயரத்தில் ஏறக்குறைய 97 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே மலைநாட்டில் இம்மூடியின் தேவை இன்னும் அதிகம். 0.9 என்று குறிக்கப்பட்ட நல்ல மூடி, இவ்வுயரத்திலும் நீரை 115 பாகை வரையாவது கொதியாமல் வைத்திருக்கும். மூடியின் றப்பர் வளையம் வெடித்தாலோ அதன் வில் தளர்ந்தாலோ, வேறெங்கும் கசிவு இல்லாதபோதும் நீர் ஆவியாகவும் வழிந்தும் போய்விடும். வண்டியில் மிக மலிவான பாகங்களுள் ஒன்று இம்மூடி. அதனை முதலில் சோதித்துப் பாருங்கள்.

சூடான மூடியைத் திறத்தல் ஆகாது

உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் முழுவதும் கொதித்து மேலே பாயும். முகமும் கைகளும் வெந்துபோகும். ஈரத்துணியைச் சுற்றித் திறந்தால் தீங்கில்லை என்று கூறுவோர் உளர், அதனை நம்பவேண்டாம். குறைந்தது அரை மணி நேரமாவது பொறுத்து, மேற்குழாயைத் தொட்டால் கை தாங்குமளவு ஆறிய பின்னரே மூடியைத் தொட வேண்டும்.

ஏற்றத்தில் முள் உயரத் தொடங்கினால் பாதுகாப்பான ஓரிடத்தில் உடனே நிறுத்துங்கள். ஆவி கிளம்பாமலும் நீர் ஒழுகாமலும் இருந்தால், இயந்திரத்தை மெதுவான ஓட்டத்தில் ஓரிரு நிமிடம் விட்டுப் பார்க்கலாம், முள் இறங்கக்கூடும். ஆவி கிளம்பினால், அல்லது நீர் இல்லையென்று தெரிந்தால், உடனே நிறுத்திவிட வேண்டும். கொதித்த இயந்திரத்தில் ஓடைத் தண்ணீரைச் சடுதியாக ஊற்றுவது சுடுகலத்தில் குளிர்நீர் ஊற்றுவது போன்றது: வார்ப்பிரும்பு வெடிக்கும். ஆறிய பின் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும்.

வெளிக்கசிவைத் தேடல்

இதற்கேற்ற நேரம் விடியற்காலை. இரவில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தின் கீழ் ஒரு பழைய அட்டையை விரித்துவையுங்கள். காலையில் ஈரம் விழுந்த இடம் எதுவெனப் பார்த்து, அதற்கு நேர் மேலே தேடத் தொடங்கலாம். வண்டியின் முன்னோரத்தில் ஈரமாயின் றேடியேற்றரையும் அதன் கீழ்க்குழாயையும், விசிறி வார் இருக்கும் பக்கமாயின் நீர்ப்பம்பியையும் ஐயுறுக. பம்பியின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே அடைப்பு தேய்ந்துவிட்டதென்று காட்டுவதற்காகவே அத்துளை வைக்கப்பட்டுள்ளது. அதன்வழி நீர் ஒழுகினால், துளையை அடைக்காது பம்பியை மாற்றுதல் வேண்டும். குளிரூட்டி பொருத்திய வண்டிகளின் கீழே தெளிந்த நீர் சொட்டுவதைக் கண்டு ஏமாறுவோரும் உளர்; அது காற்றிலுள்ள ஈரம், கசிவன்று.

துளி காணப்படாவிட்டால் அதன் தடத்தைத் தேடுங்கள். காய்ந்த நீர் வெள்ளையாகவோ, கூலன்ற் கலந்திருந்தால் பச்சையாகவோ சிவப்பாகவோ படிவு விட்டுச் செல்லும். றப்பர்க் குழாய்களை ஆறியபின் அமுக்கிப் பாருங்கள்; நல்ல குழாய் அமுங்கி மீளும். பஞ்சுபோல் தளர்ந்ததும், வெடிப்புத் தெரிவதும், கிளிப்பின் அருகே வீங்கியதும் மாற்றவேண்டியவை. நீரின் மட்டம் ஓரளவு இறங்கி அதன்பின் இறங்காது நின்றால், வயலிற் போலவே, ஓட்டை பெரும்பாலும் அந்த மட்டத்திலேயே இருக்கும்.

குளிர்ந்தபோது மூடிக்கொண்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டுமே திறக்கும் கசிவுகளும் உண்டு. இவற்றுக்குக் கராஜில் கைப்பம்பி பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை காற்றேற்றிச் சோதிப்பார்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல றேடியேற்றரும் கெடும். ஏற்றிய அழுத்தம் பத்து நிமிடம் இறங்காது நின்றால் கசிவில்லையென்று கொள்ளலாம்.

உட்கசிவு

வெளியே ஒரு துளியும் இல்லை, நீரோ குறைகின்றது எனின், அது காஸ்கற் வழியாகவோ வெடித்த தலை வழியாகவோ சிலிண்டருக்குள் அல்லது ஒயிலுக்குள் போகக்கூடும். ஒயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஒயில் பாற்றேநீர் போன்று வெளுத்திருந்தால் வண்டியை ஒரு கணமும் ஓட்டலாகாது. நீர் கலந்த ஒயில் தாங்கிகளை விரைவில் தேய்த்துவிடும். குளிர்ந்த இயந்திரத்தை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேற்குழாய் கல்லுப்போல் இறுகினாலும், றேடியேற்றரில் குமிழிகள் விடாது எழுந்தாலும், சிலிண்டரின் வாயு நீருக்குள் புகுகின்றது என்று அறியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நக்கிள்ஸ் மலையடிவாரத்துப் பனிக்காலைகளில் எந்த நல்ல வண்டியும் வெள்ளாவி விடும். அதனைக் கண்டு அஞ்சித் தலையைக் கழற்றச் சொல்லவேண்டாம். இயந்திரம் நன்கு சூடேறிய பின்னும் வெள்ளாவி ஓயாது வந்து, இனிய மணமும் வீசினால் மட்டுமே கவலைப்படுக. அவ்வாறே, ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் சிறிது வெண்பசை ஒட்டியிருப்பது குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் இயல்பு.

நீர் குறையாமலே சூடேறினால்

சூடு எப்போது ஏறுகின்றது என்பதே இங்குச் சாட்சி. வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் ஏறி, ஓட்டத்தில் இறங்குமாயின் குறை விசிறியிலோ அதன் வாரிலோ உள்ளது. ஏற்றத்திலும் பாரத்திலும் மட்டும் ஏறினால் றேடியேற்றர் அடைபட்டிருக்கலாம். நீர் நிறைந்திருந்தும் புறப்பட்ட சில நிமிடங்களிலேயே ஏறினால், மேற்குழாயையும் கீழ்க்குழாயையும் விசிறியிலிருந்து கையை விலக்கிவைத்துத் தொட்டுப் பாருங்கள். இயந்திரம் கொதிக்க, றேடியேற்றருக்குச் செல்லும் குழாய் குளிர்ந்தே இருந்தால் தேர்மோஸ்ரற்று திறக்கவில்லை. அதனைக் கழற்றித் தண்ணீரில் இட்டுச் சூடாக்கினால் திறக்கின்றதா என்பதை அடுப்பங்கரையிலேயே காணலாம். கெட்டதை எறிந்துவிட்டு வெறுமனே ஓட்டச் சொல்லும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. அவ்வாறு ஓட்டினால் இயந்திரம் உரிய சூட்டை அடையாமல் எரிபொருளை வீணாக்கும்; தேய்வும் கூடும். புதியதைப் போடுவதே சரி.

சூடடிப்புக் காலத்தில் உழவு இயந்திரத்தின் றேடியேற்றர்த் தகடுகளில் பதரும் தூசும் அப்பிக்கொள்ளும். இயந்திரம் ஆறிய பின், விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீரோட்டத்தால் கழுவுக. வேகமான நீர் தகடுகளை மடக்கிவிடும்.

றேடியேற்றர் இன்றி, நீர்த்தொட்டி மட்டும் உள்ள ஒற்றைச் சிலிண்டர் உழவு இயந்திரங்களில் நீர் கொதிப்பது குற்றமன்று. ஆவியாகியே அவை குளிர்கின்றன. மிதவையின் தலை தாழ்ந்ததும் தெளிந்த நீரை ஊற்றினால் போதும். வயற்சேற்று நீரை ஒருபோதும் ஊற்றலாகாது.

ஊற்றும் நீரும் ஒட்டும் மருந்தும்

எமது ஓடைநீரில் உப்பு குறைவு. வறண்ட பிரதேசத்துக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கேத்திலின் உட்புறத்தில் படியும் வெண்காறை இயந்திரத்தின் உள்ளும் படியும். உழவுக்காக அங்குச் செல்வோர் மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ உடன் கொண்டுசெல்வது நன்று. இங்கு நீர் உறைவதில்லையே, கூலன்ற் எதற்கு என்று கேட்கின்றனர். அது துருவைத் தடுக்கின்றது, கொதிநிலையையும் உயர்த்துகின்றது. கைநூலில் குறித்த அளவிலேயே கலக்க வேண்டும்.

ஓட்டையை அடைக்க மஞ்சள்தூளையோ முட்டையையோ இடுவது சாரதிகளிடையே வழக்கம். வழியில் அகப்பட்டு நிற்பவர் ஊர் வந்து சேர்வதற்கு அது உதவினாலும் உதவும். ஆயின் ஓட்டையை அடைப்பது றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் ஒட்டுமருந்துக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

நீரை மாற்றும்போது பழைய கூலன்றை வாய்க்காலிலோ தோட்டத்திலோ ஊற்றவேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிப்பானது. மாடும் நாயும் நக்கிக் குடித்து இறந்துபோகும், பிள்ளைகளுக்கும் நஞ்சாகும். மூடியுள்ள கலனில் எடுத்து, பெயரெழுதி ஒட்டி, பழைய ஒயில் வாங்கும் கராஜில் அதனையும் ஏற்பார்களாவென்று கேட்டு ஒப்படையுங்கள்.