மாப்பிள்ளையின் மூன்று நாள் கணக்கு

கோயம்புத்தூர்,
8.2.2026

அன்புள்ள சுதாவுக்குப் பெரியம்மா எழுதுவது.

நீங்கள் குடும்பத்தோடு இந்தப் பக்கமே குடிவருகிறீர்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து பெரியப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பால்காரர் முதல் எதிர்வீட்டு வாத்தியார் வரை எல்லோரிடமும் சொல்லியாயிற்று. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மாப்பிள்ளை போட்டு வைத்திருக்கிற கணக்குதான் மனசுக்கு ஒப்பவில்லை. கூர்கானில் காரை எடுத்து மூன்றாம் நாள் ராத்திரி கோயம்புத்தூரில் சாப்பாடு என்கிறார். அவருடைய ஆபீஸ் சிநேகிதர் அப்படித்தான் வந்தாராம். வந்திருக்கட்டும். அந்தச் சிநேகிதரின் காரில் நம் கதிரைப் போலப் பதினாலு மாதக் குழந்தை இருந்ததா என்று முதலில் கேள்.

தூரம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். மூன்று நாள் என்றால் தினமும் 800-க்கு மேல் ஓட்ட வேண்டும். மேப் காட்டுகிற நேரம் நிற்காமல் போகிற வண்டிக்கு. டயபர் மாற்றுவது, பால் கொடுப்பது, பெரியவள் இனியா வாந்தி எடுத்தால் சீட்டைத் துடைப்பது, காரணமே இல்லாமல் கதிர் அரை மணி நேரம் அழுவது எதுவும் அதில் வராது. எட்டு மணி நேரம் என்று அது சொன்னால் நீங்கள் பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தூரம் என்பதைக் கதிரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், காரை வைத்து அல்ல. பெரியப்பா விமானப்படையில் இருந்த காலமெல்லாம் இரண்டு பிள்ளைகளையும் மூட்டை முடிச்சையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக மாறியவள் சொல்கிறேன்.

பேசாமல் நீயும் பிள்ளைகளும் விமானத்தில் வந்துவிடுங்கள், மாப்பிள்ளை இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு காரை ஓட்டி வரட்டும் என்பதுதான் என் முதல் யோசனை. நீ அதற்குச் சம்மதிக்க மாட்டாய் என்று தெரியும். எல்லோரும் சேர்ந்துதான் வருவோம் என்றால் வாருங்கள், ஆனால் எட்டு நாளாக வாருங்கள். பெரியப்பாவும் நானும் உட்கார்ந்து ஒரு வழி போட்டோம். முதல் நாள் ஆக்ராவைத் தாண்டி குவாலியர், 350 கிலோமீட்டர் இருக்கும். மறுநாள் ஜான்சி, லலித்பூர் வழியாகச் சாகர், 310. மூன்றாம் நாள் நாக்பூர், 400. அங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள். ஐந்தாம் நாள் ஹைதராபாத். இதுதான் நீளமானது, 500 ஆகிவிடும். முடியாவிட்டால் நிர்மலிலோ காமாரெட்டியிலோ நின்றுவிடுங்கள், யாரும் பரிசு தரப்போவதில்லை. பிறகு கர்நூல் வழியாக அனந்தபூர். ஏழாம் நாள் பெங்களூரு, 215தான், மத்தியானத்துக்கே போய்விடலாம். எட்டாம் நாள் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், வீடு.

நாக்பூரில் ஒரு நாள் முழுக்க எதற்கு என்று மாப்பிள்ளை கேட்பார். துணி துவைக்க, பிள்ளைகள் ஓட, அவர் தூங்க. மூன்று நாள் தொடர்ந்து ஓட்டியவருக்கு நாலாம் நாள்தான் அசதி வெளியே தெரியும். தெரிகிற இடம் நெடுஞ்சாலையாக இருக்கக் கூடாது.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். பிள்ளைகள் தூக்கத்திலேயே காரில் ஏறி இரண்டு மணி நேரம் தூங்குவார்கள், அந்த நேரம்தான் உங்களுக்கு லாபம். மார்ச் கடைசியில் நாக்பூர்ப் பக்கம் மத்தியான வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அதனால் மூன்று, மிஞ்சினால் நாலு மணிக்கு அறைக்குள் இருக்க வேண்டும். ராத்திரி ஓட்டினால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் ஓட்டுகிறவருக்கும் கண் சொக்கும். பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கிற லாரி, தார்ச் சூட்டுக்கு ரோட்டில் படுத்திருக்கிற மாடு எல்லாம் அந்த இருட்டில்தான். சேலத்துக்கு முன்னால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனை விபத்து என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு வந்தாயிற்று என்ற அவசரம் தலைதூக்குகிற இடமும் அதுதான். அங்கே பகலில், கியரைக் குறைத்து, லாரிகளுக்கு இடம் விட்டு இறங்கட்டும்.

இனி கதிரின் சீட்டு விஷயம். உன் மாமியார் மடியில் வைத்துக்கொள்ளலாமே என்றாராம். எங்கள் காலத்தில் மடிதான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது கார்கள் இத்தனை வேகத்தில் ஓடவில்லை. வண்டி சடாரென்று நின்றால் எந்தத் தாயாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. இரண்டு வயதாவது ஆகும்வரை பின்பக்கம் பார்த்த சீட்டுதான், அதுவும் பின்வரிசையில். முன்னால் ஏர்பேக் எதிரில் வைக்கவே கூடாது. பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தைச் சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தமே சொல்கிறது. இனியாவுக்கும் பூஸ்டர் சீட் வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் கழுத்தில் போய் உட்காரும். புதுச் சீட்டைக் கிளம்புகிற அன்று பிரிக்காதே. இப்போதே வாங்கி, கடைக்குப் போகும்போதெல்லாம் உட்கார வைத்துப் பழக்கு. வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சீட்டிலிருந்து எடுத்துத் தரையில் விடு. நடக்கப் பழகுகிற பிள்ளை, கால் துருதுருக்கும். பால் கொடுக்க வேண்டுமானால் காரை நிறுத்தித்தான். ஒரு நிமிஷ வேலை என்று பிள்ளைகளை நிற்கிற காரில் விட்டுவிட்டு எங்கேயும் போகாதீர்கள்.

வாந்தி இனியாவுக்குத்தான் வரும், கதிருக்கு அவ்வளவாக இருக்காது. அந்த வயசு அப்படி. குனிந்து போன் பார்த்தால் இன்னும் சீக்கிரம் வரும். போனை அறைக்குப் போனதும் கொடு. காரில் பாட்டு, கதை கேட்கட்டும். மருந்து வேண்டுமானால் டாக்டரிடம் எடையைச் சொல்லி அளவு எழுதி வாங்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து வாங்கி வை. பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், கண்ணளவில் கொட்டக் கூடாது. பழ வாசனையோடு அட்டைப்பெட்டியில் விற்கிற இனிப்புத் தண்ணீரை அதற்குப் பதிலாக வாங்காதே.

முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளிச்சாதமும் கட்டிக்கொள். தேங்காய் சேர்த்த எதுவும் அந்த வெயிலில் மத்தியானத்தைத் தாங்காது. மத்தியப் பிரதேசத்தில் காலையில் எங்கு பார்த்தாலும் போஹா கிடைக்கும், நம் அவல் உப்புமாதான், இனியா சாப்பிடுவாள். தாபாவில் உட்காரும்போதே மிளகாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சூடான பருப்பும் ரொட்டியும் இரண்டு பேருக்கும் போதும். அதிலாபாத் தாண்டினால் இட்லிக் கவலை இல்லை.

எப்போது வரும், எப்போது வரும் என்று இனியா பிய்த்து எடுப்பாள். அவளுக்குக் கிலோமீட்டர் புரியாது, ஆறு புரியும். ஆக்ராவில் யமுனை. தோல்பூர் பக்கம் சம்பல், இரண்டு பக்கமும் மண் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும், முதலைகள் இருக்கிற ஆறு. சாகருக்கும் நரசிங்பூருக்கும் நடுவில் நர்மதை. நிர்மல் தாண்டினால் கோதாவரி. கர்நூலுக்கு முன்னால் கிருஷ்ணா, ஊருக்குள் நுழையும்போது துங்கபத்திரா. கடைசியில் குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் இடையில் நம் காவேரி. ஒரு நோட்டில் பெயர்களை எழுதிக் கொடு, ஒவ்வொரு பாலம் தாண்டும்போதும் ஒரு பெயரை அடித்துக்கொண்டே வரட்டும். சிவனியிலிருந்து நாக்பூர் போகும்போது பெஞ்ச் காடு வரும். மௌக்ளி கதை நடப்பதாக கிப்ளிங் எழுதியது அந்தச் சிவனி மலைக்காட்டில்தான். புலியும் மானும் அடியில் கடந்து போவதற்காக அங்கே ரோட்டைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். கீழே இப்போது யார் நடந்து போகிறார் என்று கேட்டுவிட்டால் அரை மணி நேரம் அவளே பேசுவாள்.

காரைச் சர்வீஸுக்கு விடுவதானால் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் விடட்டும். முந்தின நாள் விட்டால் அவர்கள் எதைச் சரியாக மாட்டவில்லை என்பது ஜான்சியில்தான் தெரியும். ஸ்டெப்னியில் காற்று பார்க்கச் சொல். டிக்கியில் சாமானை அடைக்கும்போது ஜாக்கியும் ஸ்டெப்னியும் எதன் அடியில் மாட்டிக்கொள்கின்றன என்று யோசியுங்கள். பஞ்சரானால் ரோட்டோரம் எட்டுப் பெட்டியை இறக்கி வைக்க வேண்டியிருக்கும். பின் கண்ணாடித் தட்டில் எதுவும் வைக்காதே, பிரேக் போட்டால் பிள்ளைகள் தலையில் வந்து விழும். ஃபாஸ்டேக் வருஷ பாஸ் வாங்கினால் 200 முறை சுங்கச்சாவடி கடக்கலாம். ஆனால் அது தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும், யமுனா எக்ஸ்பிரஸ்வே போனால் தனியாகப் பிடிப்பார்கள், கணக்கில் பணம் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் அவசரம் என்றால் 1033.

வீட்டுச் சாமான் ஏற்றுகிற லாரி உங்களுக்கு முன்னால் வந்து சேரும் என்று நினைக்காதே. பாதி லோடு சேர்த்து வருகிற வண்டியானால் பத்து நாள் கூட ஆகும். அதனால் முதல் வாரத்துக்கு வேண்டியது காரோடு வரட்டும்: சின்னக் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, இரண்டு போர்வை, பக்கெட், மக், கதிர் கட்டிக்கொண்டு தூங்குகிற அந்தக் கிழிந்த துண்டு. துண்டைத் துவைக்காதே, வாசனை போனால் தூங்க மாட்டான். நகை, சர்டிபிகேட், தடுப்பூசி அட்டை, இனியாவின் டி.சி. எல்லாம் ஒரே பையில், அந்தப் பை ராத்திரி அறைக்குள். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தால் இங்கே கனெக்‌ஷன் எடுக்கச் சுலபம். சாமான் பட்டியலில் லாரிக்காரர் கையெழுத்து வாங்கு. டி.வி., பிரிட்ஜை ஏற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடு. முன்பு ஒரு மாற்றலின்போது எங்கள் பீரோ கதவு நசுங்கி வந்தது, முன்பே அப்படித்தான் இருந்தது என்று சாதித்துவிட்டார்கள்.

கார் ஹரியானா நம்பர். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதானால் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற வேண்டும், அதற்கு அங்கே உள்ள ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வேண்டும். கார் லோன் இருந்தால் பேங்க் கடிதமும், அபராதம் ஏதாவது பாக்கி இருந்தால் கட்டிய ரசீதும் கேட்பார்கள். ஊரை விட்டு வந்த பிறகு அதற்காக ஒரு முறை திரும்பப் போவது தண்டம். இப்போதே ஆரம்பிக்கச் சொல்.

இனியாவைப் பற்றி ஒன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் இங்கே கட்டாயம், சி.பி.எஸ்.இ. பள்ளியானாலும். அவள் ஹிந்தியில்தான் சண்டை போடுகிறாள் என்று நீ கவலைப்படாதே. ஆறு மாதத்தில் தெருப் பிள்ளைகள் கற்றுக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவள் பொம்மைகளைக் கழித்துவிடாதே. ஒரு பையை அவளிடம் கொடு, அதில் எது வர வேண்டும் என்று அவளே வைக்கட்டும். கல்லும் குச்சியும் வைத்தாலும் வரட்டும். சிநேகிதப் பிள்ளைகளிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவும் ஒரு நாள் ஒதுக்கு. சாமான் கட்டுகிற அமளியில் பெரியவர்கள் மறக்கிற முதல் வேலை அதுதான்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். கோபித்தாலும் பரவாயில்லை, பெரியப்பாவைப் பேசச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமே படிக்கக் கொடு. குவாலியருக்கும் சாகருக்கும் இப்போதே அறை பதிவு செய்துவிடுங்கள், வெந்நீர் உண்டா என்று கேட்டுவிட்டு. நாக்பூரில் இரண்டு ராத்திரிக்குப் பதிவு செய்த சீட்டை மட்டும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு.

பிள்ளைகளுக்கு அம்மாயியின் முத்தம்.

அன்புடன்,
பெரியம்மா